இருபத்தேழரை அங்குலம்

சேரன்மகாதேவி கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்த தாணுமாலையனுக்குச் சைக்கிளில் ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. நிற்பதற்கு அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டும். மைல்கல், மதகுச் சுவர், அவிழ்த்துப் போட்ட மாட்டுவண்டி, ஒன்றும் அகப்படாவிட்டால் தெரிந்த ஆளின் தோள். ஊரிலிருந்து பத்தமடை வரைக்கும் சாலையோரத்தில் எங்கெங்கே கல் கிடக்கிறது என்பது அவருடைய இடது காலுக்கு மனப்பாடம். கல் இல்லாத இடத்தில் யாராவது வணக்கம் சொல்லிவிட்டால் நிற்காமல் கையை மட்டும் தூக்கிவிட்டுப் போய்விடுவார். தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். தலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கோளாறு காலில்.

ஆள் ஐந்தடி இரண்டு அங்குலம். சைக்கிள் இருபத்திநாலு.

அந்தக் காலத்தில் கடையில் பெரியவர்களுக்கென்று விற்ற சைக்கிள் உயரத்தில் இரண்டே அளவுதான், அங்குலக் கணக்கில். இருபத்திரண்டு, இருபத்திநாலு. இருபத்திரண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால்காரர்களும் போவார்கள். வயல் உள்ள வீட்டு ஆண்பிள்ளை இருபத்திநாலில் போக வேண்டும் என்று தாணுமாலையன் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஆற்றுப் பாசனத்தில் இருந்த வயலில் முக்கால்வாசியைத் தாத்தா வக்கீல்களுக்குத் தாரைவார்த்திருந்தார். எதிர்க்கட்சி வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி. வயல் குறையக் குறைய வீட்டு ஆண்களின் சைக்கிள் சீட்டு மட்டும் உயர்ந்துகொண்டே போனது.

அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் தாணுமாலையனுக்கு மிதி எட்டாது. வலது மிதி கீழே போகும்போது இடுப்பை வலப்பக்கம் இறக்குவார், இடது மிதி போகும்போது இடப்பக்கம். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாரோ சீட்டின்மேல் மாவாட்டுகிற மாதிரி இருக்கும். கேரியரில் நைட்ரஜன் கேன் கட்டியிருக்கும். காளையின் உறைவிந்துக் குச்சிகள் அதற்குள்தான். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது மூடியோரம் வெள்ளையாகப் புகை கசியும். சாம்பிராணி போட்டுப் புறப்பட்ட சப்பரம் மாதிரி புகையும் ஆட்டமுமாகக் கால்வாய்க் கரையில் வந்து, யார் வீட்டு மாட்டுக்காவது சினை ஊசி போட்டுவிட்டு, தொழுவத்துச் சுவரைப் பிடித்து ஏறிப் போவார்.

பெனிட்டோ தூத்துக்குடிக்காரன். பாளையங்கோட்டையில் இருவரும் ஒரே விடுதி அறையில் கிடந்து படித்தவர்கள். இவர் மாட்டுக்குப் போனார், அவன் கப்பலுக்குப் போனான். எஞ்சின் அறையில் வேலை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சேரன்மகாதேவிக்கு ஒரு நடை வந்து, ஒருநாள் முழுக்க ஆற்றில் கிடந்துவிட்டுப் போவான். தொண்ணூற்றாறு பொங்கலுக்கு வந்தவன், இனி ஒரே ஒரு ஓட்டம்தான், அதோடு கப்பலுக்குப் பெரிய கும்பிடு என்றான். அந்த வருஷம்தான் கடைசி வயலும் விலையாகியிருந்தது. பங்கு வந்த கையோடு அண்ணன் ஸ்கூட்டர் வாங்கினார், தம்பி பெருமாள்புரத்தில் மனை வாங்கினார். தாணுமாலையன் என்ன வாங்கப் போகிறார் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பெனிட்டோ கொண்டு வந்திருந்த பளபளப்பான ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் சைக்கிள்.

பெனிட்டோ சொன்ன சரக்கு டைட்டானியம். இங்கிலாந்தில் அவன் கப்பல் ஒதுங்குகிற ஒரு துறைமுகத்து ஊரில், வயசாளி ஒருத்தர் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, கேட்பவர்களுக்கு மட்டும் அந்தக் குழாயை வெட்டி ஒட்டிச் சைக்கிள் செய்து கொடுக்கிறாராம்.

“துரு பிடிக்காதுலே. உப்புத் தண்ணியில ஊறப் போட்டாலும் பிடிக்காது. எடையும் பாதிதான். ஒத்தக் கையில தூக்கிட்டு நீ வாய்க்காலத் தாண்டிரலாம்.”

வாய்க்கால் என்றதும் தாணுமாலையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலம் இல்லாத இடத்தில் கேனைத் தனியாக, சைக்கிளைத் தனியாகச் சுமந்து கடந்து அவருக்குத் தோளில் காய்ப்பே விழுந்திருந்தது. ஈரத்திலேயே கிடந்து ஏற்கெனவே இரண்டு சைக்கிள் அடிக்குழாய் இற்றுப் போயிருந்தன.

“அதுவும் எங்கருந்து எடுக்கான்னு நினைக்க? நம்ம கடக்கரையில கருப்பா ஒரு மண்ணு கெடக்கும் பாரு, அந்த மாதிரி மண்ணுலருந்துதான்.”

பக்கத்தில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த அம்மையப்பன் கடிப்பதை நிறுத்தினார். தாணுமாலையனின் மனைவி ராஜராஜேஸ்வரியின் அண்ணன். தாலுகா ஆபீசில் வேலை, ஆறடி ஆள், உட்கார்ந்திருந்தாலும் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

“ஊரெல்லாம் மண்ண வித்துச் சைக்கிள் வாங்குவான், இல்லன்னா சைக்கிள வித்து மண்ணு வாங்குவான். வயல வித்துக் கடக்கர மண்ணு வாங்குத மொத ஆளு நீருதான்வே மாப்பிள.”

தாணுமாலையன் சிரித்து வைத்தார். மைத்துனர் பேசினால் சிரித்து வைப்பது கல்யாண நாளிலிருந்தே பழக்கம்.

எந்தச் சைக்கிள் என்பதில்தான் மாசம் ஓடியது. புத்தகத்தில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பந்தயச் சைக்கிள். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழே வளைந்த கைப்பிடி, சுண்டுவிரல் மாதிரி டயர். இன்னொன்று தூரதேசம் போகிறவர்களுக்கானது. டயர் கொஞ்சம் தடிப்பு, மட்கார்டு உண்டு, சுமை கட்ட இடமும் உண்டு. அம்மையப்பன் பந்தயத்துக்கே ஓட்டுப் போட்டார். மருந்தகத்து டாக்டர், அதில் கேனை எங்கே கட்டுவீர், கழுத்திலா என்று கேட்டார். தாணுமாலையன் இரண்டு வாரம் பந்தயச் சைக்கிளையே நினைத்துக்கொண்டு திரிந்தார். வீட்டில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். தொப்பை தொடையில் இடித்தது. அதோடு தூரதேசச் சைக்கிள் என்று முடிவானது.

ராஜராஜேஸ்வரி கேட்டது ஒன்றுதான்.

“அதுல நான் எங்கன உக்காருதது?”

பதில் அவர்கள் கல்யாணத்தைப் போலவே பழையது. அவர் சைக்கிள் ஏறுகிற முறை வேறு. இடது காலை மிதியில் வைத்து, கூடவே நாலு தத்துத் தத்தி, வலது காலைக் கேரியருக்கு மேலாகச் சுழற்றிப் போட்டு ஏற வேண்டும். கேன் என்றால் கால் தாண்டிவிடும், கேரியரில் பெண்சாதி இருந்தால் காலை எங்கே சுழற்றுவது? ஆகவே அவள் அந்நாள்வரைக்கும் அவர் பின்னால் உட்கார்ந்ததில்லை. இன்னொன்று, அவள் அவரைவிட நாலு அங்குலம் உயரம். கல்யாணப் போட்டோவில் ஸ்டுடியோக்காரர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இவரை நிற்கவைத்து, அதுவும் போதாதென்று காலுக்கடியில் ஒரு பலகையும் செருகியிருந்தார். கோயிலுக்குப் போனால் அவள் தானாகவே ஒரு படி கீழே நின்று கும்பிடுவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கப்பலுக்குத் திரும்பும் முன் பெனிட்டோ அளவு கேட்டான். அந்த வயசாளிக்கு இருபத்திரண்டு, இருபத்திநாலு என்ற கணக்கெல்லாம் கிடையாதாம். ஆளுக்குத் தக்க வெட்டுவார். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, காலிடுக்கில் ஒரு புத்தகத்தை மேலே முட்டக் கொடுத்து, அங்கிருந்து தரை எத்தனை அங்குலம் என்று சொன்னால் போதும்.

“சொல்லுலே, காலு எவ்வளவு?”

அம்மையப்பன் அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீளமான கால். தாணுமாலையன் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முப்பத்திமூணு.”

பெனிட்டோ அவரை மேலிருந்து கீழே பார்த்தான். பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“முப்பத்திமூணா?”

“முப்பத்திமூணு.”

சரி என்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். சித்திரைவாக்கில் கப்பல் அந்தத் துறைமுகத்துக்குப் போகும், கொட்டகைக்குப் போகுமுன் சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை வேதமுத்து டெலிபோன் பூத்துக்குப் போன் போடுவேன், ஏதும் மாற்றம் இருந்தால் அப்போது சொல்லு, குழாயை வெட்டிவிட்டால் பிறகு அந்தோணியாரே வந்தாலும் ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

தாணுமாலையன் வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் கதவைச் சாத்தினார். புத்தகம் தேடினார். வீட்டில் தடித்த புத்தகம் என்று இருந்ததெல்லாம் சாமி புத்தகம். அவற்றைக் கொண்டுபோய் வைக்கிற இடமா அது? கடைசியில் அரசாங்கம் கொடுத்த மாட்டுப் பராமரிப்புக் கையேடு அகப்பட்டது. சுவரில் சாய்ந்து முட்டக் கொடுத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தார். இருபத்தேழரை. நம்பாமல் இன்னொரு தடவை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு அழுத்திப் பார்த்தார். கூடுதலாகத் தேறியது வலி ஒன்றுதான். கோட்டை எச்சில் தொட்டு அழித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். முப்பத்திமூணு முப்பத்திமூணாகவே இருக்கட்டும், இவ்வளவு காலம் எட்டாத மிதியை மிதிக்கவில்லையா என்று சமாதானம் செய்துகொண்டார்.

பங்குனியில் கன்னடியன் கால்வாய்க் கரையில் எதிரே எருமைகள் வந்தன. கரையை அடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு யோசனையோடு. தாணுமாலையன் பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது. இடது காலை நீட்டினார். அங்கே கல் இல்லை. தோளும் இல்லை. எருமைதான் இருந்தது. எருமை ஒரு எட்டு நகர்ந்துகொண்டது.

கேனும் அவரும் சைக்கிளும் சேர்ந்தே கால்வாயில் விழுந்தார்கள். மூடி கழன்று நைட்ரஜன் தண்ணீரில் கொட்டியதும் கால்வாய் முழுக்க வெண்புகை எழும்பியது. கீழ்ப்படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு கரையேறி ஓடினார்கள். புகைக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த தாணுமாலையனுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கப்பலில் வரப்போகிற சைக்கிளும் இதே மாதிரி அவரைத் தூக்கிப் போடத்தான் போகிறது. துரு பிடிக்காமல் காலத்துக்கும் போட்டுக்கொண்டே இருக்கும். கடைசி வயலைக் கொடுத்து வாங்கப் போவது அதைத்தான்.

அன்றைக்கு ராஜராஜேஸ்வரி இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். குப்புறப் படுத்தபடியே, முகம் பார்க்க வேண்டாம் என்ற தைரியத்தில், பெனிட்டோவிடம் சொன்ன அளவை அவளிடம் சொன்னார்.

அவள் கை நின்றது.

“முப்பத்திமூணு எனக்கே கெடையாதுங்க.”

அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவருடைய பேண்ட் துணிக்கு டெய்லரிடம் அளவு சொல்லுவதும் அவள்தான், அந்நாள்வரைக்கும் அவர் காதில் விழாத தூரத்தில். மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். போன் வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் பூத்துக்கு வாரேன் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் வேதமுத்துவின் பூத்தில் கூட்டம் கடைவாசலைத் தாண்டி நிற்கும். கண்ணாடிக் கூண்டு ஒன்றுதான், அதன் கதவும் சாத்தாது. உள்ளே பேசுகிறவர்களின் குடும்ப விவகாரத்தை வெளியே நிற்கிறவர்கள் கேட்டு, நடுநடுவே அபிப்பிராயமும் சொல்லுவார்கள். வரிசையில் அம்மையப்பன் நின்றார், சென்னையில் இருக்கிற மகனிடம் பேச. அவர் தலை எல்லார் தலைக்கும் மேலே தெரிந்தது. தாணுமாலையன் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். பின்னால் ராஜராஜேஸ்வரி நின்றாள்.

மணி அடித்தது. வேதமுத்து எடுத்து, “தாணு அண்ணாச்சிக்கு இங்கிலாந்து” என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.

தாணுமாலையன் கூண்டுக்குள் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அளவில் சின்னத் திருத்தம் இருக்கிறது என்றார். கேட்கவில்லை என்றான் பெனிட்டோ. அளவை மெதுவாகச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் காற்றும் மழையுமாக இரைந்தது. கையை எடுத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்.

“இருபத்தேழரை.”

வெளியே பேச்சு நின்றது.

“முப்பத்திமூணுன்ன. எப்பலே சுருங்குச்சு?”

“அது… அப்ப சும்மா சொன்னேன்.”

“சும்மா சொன்னியா. இப்ப சொல்லுததும் சும்மாதானா? ஏலே, நாளைக்கு அந்த மனுசன் குழாய வெட்டிருவாரு. நான் கப்பல விட்டுட்டா இன்னொரு தடவ கெடையாது. உன் பேச்ச நம்ப முடியாது. இங்கனயே அளந்து சொல்லு. லைன்லயே இருக்கேன்.”

தாணுமாலையன் ரிசீவரைப் பிடித்தபடி கண்ணாடி வழியே பார்த்தார். வேதமுத்து, பால் வாங்க வந்த பெண், கேரளாவுக்குப் பேச நின்ற வாழைக்காய் வியாபாரி, கடைசியில் எல்லார் தலைக்கும் மேலே மைத்துனரின் முகம். போனை வைத்துவிட்டால் போதும், அளவு முப்பத்திமூணாக நின்றுவிடும். ஊர் ஒருவாரம் பேசிவிட்டு மறந்துவிடும். சைக்கிள் மட்டும் மறக்காது.

வெளியே வந்து செருப்பைக் கழற்றினார்.

“வேதமுத்து, அந்த டெலிபோன் புஸ்தகத்த எடும்.”

திருநெல்வேலி மாவட்டத்தின் அத்தனை சந்தாதாரர்களையும் அவர் காலிடுக்கில் கொடுத்துக்கொண்டு கடைச் சுவரில் சாய்ந்து நின்றார். வேட்டி தடுத்தது. மடித்துக் கட்டினார். ராஜராஜேஸ்வரி கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பாவாடைக்கு அளவெடுக்கிற அதே முகத்தோடு தரையில் முழங்காலிட்டு, புத்தகத்தின் விளிம்பிலிருந்து டேப்பைக் கீழே விட்டு, பெருவிரலால் தரையில் அழுத்தினாள். அவள் தலை அவர் இடுப்புக்குக் கீழே இருந்தது. அவளை அவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அது அவ்வளவு நன்றாக இல்லை.

“இருபத்தேழரை” என்றாள், பின்பெஞ்சுக்கும் கேட்கிற குரலில்.

அம்மையப்பன் தொண்டையைச் செருமினார்.

“அதுல அரை வேற இருக்காக்கும். அந்த அரைய விட்டுக் குடுத்துராதேரும் மாப்பிள.”

வாழைக்காய் வியாபாரி சிரித்தார். ராஜராஜேஸ்வரி டேப்பைச் சுருட்டிக்கொண்டே எழுந்தாள்.

“அண்ணே, உனக்குக் காலு முப்பத்தஞ்சு. உன் சைக்கிளு எட்டு வருசமா கோழிக்கூட்டு மேல சாஞ்சு கெடக்கு. அதுல முட்ட எடுக்கத்தான் மதினி ஏறுதா.”

சிரிப்பு வரிசையில் பின்னோக்கிப் போனது. அவள் கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்து, “அண்ணே, நான் ராஜி பேசுதேன். நானே அளந்துட்டேன், இருபத்தேழரைதான். வெட்டச் சொல்லுங்க” என்றாள். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, “பின்னால ஆள் உக்காரலாமான்னும் கேட்டுருங்க” என்றாள்.

புரட்டாசியில் பெனிட்டோ பெட்டியோடு வந்து இறங்கினான். பிரித்து மாட்டியபோது தெருவே வந்து பார்த்தது. சாம்பல் நிறத்தில், பெயின்ட் அடிக்காமல், ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. வெள்ளைக்காரன் பெயின்ட் அடிக்கச் சோம்பல்பட்டு அனுப்பிவிட்டான் என்றார்கள். ஆயுதபூஜை வருகிறது, பச்சை அடித்துவிடுவோம் என்றார் சைக்கிள் கடைப் பலவேசம். தாணுமாலையன் குறுக்கே படுக்காத குறையாகத் தடுத்தார். ஆனால் கேரியர் விஷயத்தில் தடுக்க முடியவில்லை. கூட வந்த கேரியர் கேனைத் தாங்கும், ஆளைத் தாங்காது என்று வயசாளி சொல்லியனுப்பியிருந்தார். ராஜராஜேஸ்வரி பலவேசத்தைப் பார்த்தாள். பலவேசம் கனத்த இரும்பில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கேரியர் அடித்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, அதோடு இரும்பு ஸ்டாண்டும் பித்தளை பெல்லும் சேர்த்துவிட்டார். உலகத்திலேயே எடை குறைந்த சைக்கிள் ஒரே மத்தியானத்தில் பழைய சைக்கிளின் எடைக்குக் கிட்டத்தட்ட வந்து சேர்ந்தது. வாய்க்கால் தாண்டும்போது ஒற்றைக் கையில் தூக்குவது என்ற பேச்சு அதோடு முடிந்தது. பெனிட்டோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு ஆற்றுக்குக் குளிக்கப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தாணுமாலையன் சைக்கிளை வெளியே எடுத்தார். தத்தவில்லை. காலைப் பின்னால் சுழற்றவில்லை. குறுக்குப் பாரைத் தாண்டி நின்றுகொண்டார். ராஜராஜேஸ்வரி பின்னால் உட்கார்ந்தாள். மிதி, போன இடமெல்லாம் காலோடு வந்தது. சீட்டில் மாவாட்டு இல்லை.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பழைய வழக்கப்படி இடது கால் தானாகவே கேட் தூணைத் தேடியது. தூண் தள்ளி இருந்தது. தாணுமாலையன் நடுரோட்டில் பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து இறங்கி, இரண்டு காலையும் கீழே வைத்தார். இரண்டு குதிகாலும் தார் ரோட்டில் பதிந்தன. பின்னால் ராஜராஜேஸ்வரியும் கால் ஊன்றிக்கொண்டாள். அவளுக்கு அதற்குச் சிரமமே இல்லை, வரும்போதே பாதி தரையில்தான் உரசிக்கொண்டு வந்தது. எதையும் பிடிக்காமல், எதிலும் சாயாமல் அவர் நின்றார். எதிர்ப்பக்கம் யாரோ வணக்கம் சொன்னார்கள். நின்ற இடத்திலிருந்தே பதில் வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லாரும் சுகமா, சினைப்பசு எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார்.

தென்காசி ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, பிறகு இன்னொரு தடவை. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணாச்சி, கேட்டு தொறந்தாச்சு.”

“தெரியுது” என்றார் தாணுமாலையன். “பைய போவோம்.”